நகரங்களுக்கிடையே சகோதரத்துவம்

இரு நகரங்கள் உடன்படிக்கை செய்து உறவு பூணுவதைச் ‘சகோதர நகரம்’ என்பர். சென்னை 1984இல் அமெரிக்காவின் டென்வருடன் இவ்வாறு இணைந்தது. பிரிட்டனின் ஹல் நகரும் சியரா லியோனின் ஃப்ரீடவுனும் அவ்வாறே. அடிமை வணிகத்தை எதிர்த்த வில்பர்ஃபோர்ஸ் 1759இல் ஹல்லில் பிறந்தார். விடுதலை பெற்ற அடிமைகள் 1792இல் ஃப்ரீடவுனை நிறுவினர்.

எனினும், ஒரு நகரம் கொடுக்க மற்றது வாங்குவதாகவே நின்றால் அது ஸதகாவேயன்றிச் சகோதரத்துவமன்று. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் ஏற்படுத்திய ‘முஆகாத்’தை இங்கு நினைவுகூர்கிறோம். அன்சாரியான ஸஅது பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார். முஹாஜிரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவருக்காக துஆச் செய்து, கடைவீதிக்கு வழி மட்டும் கேட்டார்.

நம் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் மஹல்லாக்களுடன் உறவு பூண விழையும் பெருநகர ஜமாஅத்துகளும், கொடுப்பதோடு பெறவும் முன்வருதல் வேண்டும்.