கடனும் அறமும் – 14: ஈடு கேட்காத இருவர்

1947 மார்ச் 13. லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் ஆஸ்கர் விழா. சிறந்த நடிகர் விருதுக்குப் போட்டியிட்ட ஐந்து பேரில் இருவர் திரையில் ஒரே தொழிலைச் செய்திருந்தார்கள்: கையில் சொத்தில்லாத மனிதர்களுக்குக் கடன் கொடுப்பது. 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில் சிறுசேமிப்பு வீட்டுக்கடன் சங்கம் நடத்தும் ஜார்ஜ் பெய்லியாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். 'த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' படத்தில், போரிலிருந்து திரும்பி வங்கிக் கடன் அதிகாரியாகும் ஆல் ஸ்டீஃபன்சனாக ஃபிரெட்ரிக் மார்ச். இடைக்காலத் திருச்சபை வட்டியை எப்படிப் பார்த்தது என்று சில வாரங்களாகப் பேசிவருகிறோம். அதே கேள்வி ஹாலிவுட்டில் எழுந்த ஆண்டு அது.

முதலில் விருதுக் கணிப்புகளைப் பார்த்துவிடுவோம். இரண்டு படங்களையும் வெளியிட்டது ஆர்.கே.ஓ. நிறுவனம்தான். ஃபிராங்க் காப்ராவின் 'வொண்டர்ஃபுல் லைஃப்' 1947 ஜனவரியில் வருவதாக இருந்தது. 1946ஆம் ஆண்டு விருதுகளுக்குத் தகுதி பெறும்படி டிசம்பர் 20க்கே அதை முன்னால் இழுத்தார்கள். அந்தக் கணக்கு பொய்த்தது. ஐந்து பரிந்துரைகள் கிடைத்தும் போட்டிப் பிரிவுகளில் ஒரு விருதுகூட வரவில்லை. வில்லியம் வைலரின் 'பெஸ்ட் இயர்ஸ்' சிறந்த படம், இயக்குநர், நடிகர் உட்பட ஏழு விருதுகளை அள்ளியது. அகாதமியின் ஆட்சிக்குழுவே அன்று ஒரு தப்புக் கணிப்பைச் செய்தது. ராணுவத்தில் பணியாற்றியபோது இரண்டு கைகளையும் இழந்த ஹெரால்டு ரஸ்ஸல், தொழில்முறை நடிகர் அல்லாதவர், துணை நடிகர் பிரிவில் இருந்தார். அவர் ஜெயிக்க வாய்ப்பில்லை என்று எண்ணிய குழு, கௌரவ விருது ஒன்றைத் தனியாக ஏற்பாடு செய்தது. உறுப்பினர்களோ துணை நடிகர் விருதையும் அவருக்கே வாக்களித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒரே வேடத்துக்கு இரண்டு ஆஸ்கர் பெற்றவர் அவர் மட்டுமே.

இனி கடனுக்கு வருவோம். 'பெஸ்ட் இயர்ஸ்' படத்தில் நோவாக் என்ற முன்னாள் படைவீரர் 40 ஏக்கர் நிலம் வாங்கக் கடன் கேட்டு வருகிறார். ஈடாக வைக்க அவரிடம் ஒன்றுமில்லை. ஆல் அவரை எடைபோடுகிறார், உழைக்கத் தெரிந்த ஆள் என்று நம்புகிறார், கடனுக்குக் கையெழுத்திடுகிறார். வங்கித் தலைவர் கடிந்துகொள்கிறார். பின்னர் விருந்தொன்றில் குடிபோதையில் எழுந்து பேசும் ஆல், போர்க்களத்தில் ஒரு குன்றைப் பிடிக்கச் சொன்ன மேலதிகாரியிடம் ஈடு கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கதை சொல்லி அத்தனை பேர் முன்னிலையிலும் பதில் கொடுக்கிறார். அந்தக் காட்சியில் மார்ச்சின் முகத்தைப் பார்த்தவர்கள் விருது அவருக்குப் போனதில் குறை சொல்லமாட்டார்கள்.

ஆனாலும் அது அரசு உத்தரவாதம் இருந்த காலம். 1944ஆம் ஆண்டின் படைவீரர் நலச் சட்டப்படி, தகுதியுள்ள கடனில் பாதி வரை, ஒரு வரம்புக்குள், அரசே பொறுப்பேற்றது. வட்டி 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆல் காட்டிய துணிச்சலில் பாதிச் சுமை அரசின் தோளில் இருந்தது.

ஜார்ஜ் பெய்லிக்கு அப்படி எந்தத் தோளும் இல்லை. கல்யாணத்தன்றே ஊர் மக்கள் பீதியடைந்து போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்டு சங்கத்தின் வாசலில் கூடுகிறார்கள். எதிரே கோடீஸ்வரர் பாட்டர், அவர்களுடைய பங்குகளை டாலருக்கு ஐம்பது சென்ட் வீதம் வாங்கிக்கொள்ளத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். உங்கள் பணம் இந்தப் பெட்டியில் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரின் சுவரிலும் கூரையிலும் இருக்கிறது என்று ஜார்ஜ் மன்றாடுகிறார். பிறகு தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை மனைவி மேரி எடுத்து நீட்ட, அவரவர் அவசரத் தேவைக்கு மட்டும் கொடுக்கிறார். ஒரு பெண்மணி பதினேழரை டாலர் போதும் என்கிறார். கதவடைக்கும் நேரத்தில் மிச்சம் இரண்டே டாலர்.

பாட்டர் அங்கே ஒரு காசு வட்டி கேட்கவில்லை, சட்டத்தையும் மீறவில்லை. பிறகு எது அவரைக் குற்றவாளியாக்குகிறது? திருச்சபையின் பழைய போதனை இங்கேதான் எனக்குக் கைகொடுக்கிறது. மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் 1179இல், ஊரறிந்த வட்டிக்காரர்களுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. பதினான்காம் பெனடிக்ட் 1745இல் எழுதிய சுற்றுமடலும், கடன் என்ற ஒரே காரணத்துக்காக அசலுக்கு மேல் வாங்குவது தவறு என்றே நின்றது. கொடுத்தவருக்கு உண்மையான இழப்பு போன்ற வேறு நியாயங்கள் இருந்தால் ஈடுசெய்யலாம் என்று மட்டும் இடம்விட்டது. புனித தாமஸ் அக்குவினாஸ் இதில் நுட்பமான ஒரு வரம்பு கிழித்திருந்தார். வணிகரோடும் கைவினைஞரோடும் கூட்டுச் சேர்ந்து பணம் போடுகிறவர் அந்தப் பணத்தின் ஆபத்தையும் சுமக்கிறார். ஆகவே லாபத்தில் பங்கு கேட்பது நியாயம். ஆபத்து முழுவதும் வாங்கியவன் தலையில், ஆதாயம் மட்டும் கொடுத்தவன் கையில் என்றால் அது அநியாயம்.

பெய்லி சங்கமும் வட்டி வாங்கத்தான் செய்திருக்கும். ஆனால் அந்தப் பணம் போட்டவர்களுக்கும் வீடு கட்டுகிறவர்களுக்குமே சுற்றிவருகிறது. ஒருவர் விழுந்தால் எல்லோரும் ஆட்டம் காண்கிறார்கள். பாட்டரோ அடுத்தவரின் பயத்தை அரை விலைக்கு வாங்குகிறார். வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து அறத்தை அளக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

சிசிலியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த காப்ராவுக்கு இது புதிய கதையும் இல்லை. 1932இல் அவர் எடுத்த 'அமெரிக்கன் மேட்னெஸ்' படத்தின் நாயகன், ஆளின் நாணயத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கும் வங்கித் தலைவர். 1906 நிலநடுக்கத்துக்குப் பின் சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு கடன் கொடுத்த இத்தாலிய வம்சாவளி வங்கியர் ஏ.பி. ஜியானினியின் சாயல் அந்தப் பாத்திரத்தில் உண்டு.

அகாதமி வைலரின் படத்தைத் தேர்ந்தது சரியா என்று என்னைக் கேட்டால், படமாக அதுவே மேல் என்பேன். கடன் கொடுத்தவர்களில் யார் மேல் என்றால், தயங்காமல் ஜார்ஜ் பெய்லியைச் சொல்வேன். அவர் கற்பனை மனிதர். அவர் நடத்தியதைப் போன்ற நிறுவனங்கள் உண்மையில் இருந்தன. நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில், பிரெஞ்சு-கனடிய ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பங்குத்தந்தை பியர் ஹெவியும், கனடாவின் லெவியில் ஏற்கெனவே மக்கள் வங்கி தொடங்கியிருந்த அல்ஃபோன்ஸ் தெஜார்தானும் சேர்ந்து 1908இல் ஒரு கடன் சங்கத்தை நிறுவினார்கள். அமெரிக்காவின் முதல் கடன் சங்கமான அது, செயிண்ட் மேரீஸ் பேங்க் என்ற பெயரில் இன்றும் இயங்கிவருகிறது.

1462இல் இத்தாலியின் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளுக்காக ஓர் அடகுக்கடை திறக்க வைத்ததும், அவர்கள் குறைந்த வட்டி வாங்கலாமா என்று திருச்சபைக்குள்ளேயே அரை நூற்றாண்டு நடந்த சண்டையும் அடுத்த வாரம்.