நுரையீரலில் சிறிய கட்டி: ஆபரேஷனா, ரேடியேஷனா? முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

நுரையீரல் புற்றுநோய் முற்றிய பிறகுதான் தெரியவரும் என்று சொல்வார்கள். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால், வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயிலோ சி.டி ஸ்கேனிலோ சிலருக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கட்டி தென்பட்டுவிடுகிறது. அது வேறு எங்கும் பரவாமல் இருந்தால், முழுமையாகக் குணமாக வாய்ப்புள்ள கட்டம் அது. அப்போது குடும்பத்தின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும்: கட்டியை வெட்டி எடுப்பதா, குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுப்பதா?

தியாகதுருகம் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொரு கேள்வியும் சேர்ந்தே வரும்: 'இதற்கு எங்கே, எத்தனை முறை போய்வர வேண்டும்?' இங்கிருந்து புதுச்சேரி ஜிப்மர் சுமார் 100 கி.மீ. சென்னை 200 கி.மீ-க்கும் மேல். கல்வராயன் மலையில் வெள்ளிமலை பக்கத்திலிருந்து இறங்கி வருபவர்களுக்குப் பயணம் இன்னும் நீளம். கத்தி பயத்தில் ஆபரேஷன் வேண்டாம் என்பவர்களும் உண்டு. தூரத்தை நினைத்து சிகிச்சையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. இந்த முடிவை உண்மையில் எதை வைத்து எடுக்க வேண்டும்?

முதலில், அது புற்றுநோய்தானா?

நம் நாட்டில் காசநோய் அதிகம். எக்ஸ்ரேயில் ஒரு நிழல் தெரிந்தால் டி.பி-யாக இருக்கும் என்று மாத்திரையைத் தொடங்கி, மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு அது புற்றுநோய் என்று தெரியவருவது இங்கே தொடர்ந்து நடக்கிறது. இதற்கு நேர்மாறாக, பழைய டி.பி தழும்பும் நெறிக்கட்டியும் பெட் ஸ்கேனில் புற்றுநோய் போலவே ஒளிர்வதும் உண்டு. எனவே, சளிப் பரிசோதனையில் டி.பி கிருமி இல்லையென்றாலோ, மருந்து சாப்பிட்டும் நிழல் குறையவில்லையென்றாலோ, சி.டி ஸ்கேனும் பயாப்ஸியும் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். ஆபரேஷனா, ரேடியேஷனா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே நோய் பரவுவதற்கு முன்புதான் இருக்கிறது.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

வலது நுரையீரலில் மூன்று மடல்கள், இடதில் இரண்டு. கட்டி இருக்கும் மடலை முழுவதுமாக எடுப்பதற்கு 'லோபெக்டமி' என்று பெயர். மிகச் சிறிய கட்டி என்றால் மடலின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதும் இப்போது ஏற்கப்பட்ட முறை. ஜப்பானில் 1,106 பேரிடம் நடந்து 2022-ல் வெளியான ஆய்வு இதற்கு வலு சேர்த்தது. மார்பைப் பெரிதாகத் திறக்காமல், சிறு துளைகள் வழியாகவும் செய்கிறார்கள்.

ஆபரேஷனின் பெரிய பலம், கட்டியோடு அருகிலுள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிடலாம் என்பது. ஸ்கேனில் சிக்காத பரவல் இதில் தெரியவந்தால், அதற்கேற்ப மருந்து சிகிச்சையைச் சேர்ப்பார்கள்.

பாதகமும் உண்டு. மயக்க மருந்து, சில நாள்கள் மருத்துவமனையில் தங்கல், பழைய தெம்பு திரும்ப சில வாரங்கள் அல்லது மாதங்கள். அனுபவமுள்ள மையங்களில்கூட, ஆபரேஷனுக்குப் பிந்தைய ஒரு மாதத்துக்குள் நூற்றில் ஒருவர், இருவர் உயிரிழக்கும் ஆபத்து இருக்கிறது. இதயநோய் உள்ளவர்களுக்கும், பல ஆண்டு புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டுப்போனவர்களுக்கும் அந்த ஆபத்து கூடும்.

குறிவைத்த கதிர்வீச்சு என்றால்?

இதன் பெயர் 'ஸ்டீரியோடாக்டிக் பாடி ரேடியோதெரபி'. சுருக்கமாக, எஸ்.பி.ஆர்.டி. பல கோணங்களிலிருந்து மெல்லிய கதிர்களை அனுப்பி, அவை எல்லாம் கட்டியில் மட்டும் ஒன்றுசேரும்படி செய்வார்கள். சுற்றியுள்ள நல்ல பகுதிக்குக் கொஞ்சம்தான் கதிர் போகும்; கட்டிக்கு மிகப் பெரிய டோஸ் கிடைக்கும். மூச்சு விடும்போது கட்டியும் மேலும் கீழும் அசையும் என்பதால், அந்த அசைவையும் ஸ்கேன் செய்து கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

மூளைக்கு மட்டும் இருந்த இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் உடலின் மற்ற பகுதிகளுக்கும் கொண்டுவந்தது ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. 'சைபர்நைஃப்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெயரில்தான் கத்தி இருக்கிறது. அதுவும் இந்த வகைக் கதிர்வீச்சைக் கொடுக்கும் ஒரு மெஷின்தான்.

வெட்டு இல்லை, மயக்க மருந்து இல்லை. பெரும்பாலும் 3 முதல் 5 சிட்டிங். ஒன்றிரண்டு வாரங்களில் முடிந்துவிடும். அன்றன்றே வீட்டுக்குப் போகலாம். அதற்காகப் பக்கவிளைவே இல்லை என்று நினைக்கக் கூடாது. சோர்வு வரும். சில மாதங்கள் கழித்து நுரையீரலில் அழற்சி வந்து இருமலும் மூச்சிரைப்பும் ஏற்படலாம். விலா எலும்பை ஒட்டிய கட்டி என்றால் அங்கே வலி, எலும்பு விரிசல் வரலாம். பெரிய மூச்சுக்குழாய்களுக்கு அருகே நடுப்பகுதியில் கட்டி இருந்தால் ஆபத்து அதிகம். அங்கே டோஸைக் குறைத்து, கூடுதல் சிட்டிங்கில் கொடுப்பார்கள் அல்லது வேறு வழி பார்ப்பார்கள்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

ஆபரேஷனைத் தாங்க முடியாத 55 நோயாளிகளுக்கு அமெரிக்காவில் எஸ்.பி.ஆர்.டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. மூன்று ஆண்டுகளில் 97.6 சதவிகிதம் பேருக்குக் கட்டி அதே இடத்தில் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் 55.8 சதவிகிதம். அவர்களில் பலருக்கு வேறு கடுமையான நோய்களும் இருந்தன; சிலருக்குப் புற்றுநோய் வேறு இடங்களில் தலைகாட்டியது.

ஆபரேஷனைத் தாங்கக்கூடியவர்களுக்கு எது மேல்? இதற்குத்தான் இன்னும் அறுதியான பதில் இல்லை. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடத் தொடங்கிய ஆய்வுகளில் போதுமான ஆள்கள் சேரவில்லை. தன் சிகிச்சையைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்ய யார்தான் எளிதில் சம்மதிப்பார்கள்? பாதியில் நின்ற அப்படிப்பட்ட இரண்டு ஆய்வுகளைச் சேர்த்து 2015-ல் வெளியிட்டபோது, மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கதிர்வீச்சுப் பிரிவில் 95 சதவிகிதம், ஆபரேஷன் பிரிவில் 79 சதவிகிதம். ஆனால் மொத்தமே 58 பேர்தான் என்பதால், இதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையம் 80 பேருக்கு எஸ்.பி.ஆர்.டி கொடுத்து, முன்பே ஆபரேஷன் செய்துகொண்டவர்களோடு ஒப்பிட்டு 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 87 சதவிகிதம். ஆபரேஷன் பிரிவில் 84. ஏறக்குறைய சமம்.

அப்படியானால் யாருக்கு எது?

உடல் தாங்கும் என்றால் ஆபரேஷன்தான் இன்றும் முதல் பரிந்துரை. தாங்காது என்றாலோ, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் ஆபரேஷன் வேண்டாம் என்றாலோ, எஸ்.பி.ஆர்.டி நல்ல மாற்று. அதை 'வேறு வழியில்லாததால் கொடுக்கும் சிகிச்சை' என்று ஒதுக்க வேண்டியதில்லை. உடல் தாங்குமா என்பதை வயதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. குழாயில் ஊதச் சொல்லும் நுரையீரல் சோதனை, எக்கோ, நடக்கவைத்துப் பார்க்கும் சோதனை எல்லாம் இதற்காகத்தான். எந்த சிகிச்சையாக இருந்தாலும் பீடி, சிகரெட்டை அன்றே நிறுத்த வேண்டும்.

'ரேடியேஷன்' எல்லாம் ஒன்றல்ல!

பழைய முறைக் கதிர்வீச்சு, தினமும் சிறு டோஸாக 30 சிட்டிங் வரை, ஆறு வாரங்கள் நீளும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 101 பேரிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், அந்த முறையில் 31 சதவிகிதம் பேருக்குக் கட்டி அதே இடத்தில் திரும்பியது. எஸ்.பி.ஆர்.டி-யில் 14 சதவிகிதம்தான். எனவே, பக்கத்து ஊரிலேயே ரேடியேஷன் கிடைக்கிறது என்றால், அது எந்த வகை என்று கேளுங்கள். ஆரம்பநிலைக் கட்டிக்கு, தூரமாகப் போய் 5 முறை எடுப்பது, பக்கத்தில் 30 முறை எடுப்பதைவிடப் பலன் தரக்கூடும். ஊரிலிருந்து ஆறு வாரங்கள் அலைவதும் மிச்சம்.

செலவும் பயணமும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். டாக்டர் சொல்லும் சிகிச்சை அந்த மருத்துவமனையில் திட்டத்துக்குள் வருகிறதா என்று, அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள். சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி வகுப்புகளில் முழுக் கட்டணச் சலுகையும், துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவிகிதச் சலுகையும் உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

* பயாப்ஸியில் உறுதியாகிவிட்டதா? நெறிக்கட்டிக்குப் பரவியிருக்கிறதா?
* கட்டி நுரையீரலின் ஓரத்தில் இருக்கிறதா, நடுவிலா?
* நுரையீரலும் இதயமும் ஆபரேஷனைத் தாங்குமா? எந்தச் சோதனையில் தெரிந்தது?
* ரேடியேஷன் என்றால் எஸ்.பி.ஆர்.டி-யா? எத்தனை சிட்டிங்?
* இங்கே இந்த சிகிச்சையை ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
* நோய் திரும்பினால் அடுத்து என்ன வழி?

முக்கியமான ஒன்று. ஆபரேஷன் செய்யும் டாக்டர், ரேடியேஷன் டாக்டர் இருவரையும் பார்த்துப் பேசாமல் முடிவெடுக்காதீர்கள். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் 'டியூமர் போர்டு' உள்ள மருத்துவமனை என்றால் இன்னும் நல்லது. ஸ்கேன் சி.டி, பயாப்ஸி ரிப்போர்ட், பழைய எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரே பயணத்தில் இருவரையும் பார்த்துவிடலாம். இந்த இரண்டு சிகிச்சைகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் குணமாக வாய்ப்பிருக்கிறது. எதையும் தேர்ந்தெடுக்காமல் தள்ளிப்போட்டால், அந்த வாய்ப்பு நாளுக்கு நாள் குறையும்.