ஒற்றைத் துளைக்கு இத்தனை சண்டை

செப்டம்பர் பிறந்துவிட்டால் டெக்சாஸ் கடற்கரை ஊரான ராக்போர்ட்டில் வீட்டுத் தோட்டங்களில், பறவைகள் துளை வழியே உறிஞ்சும் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிய சிவப்பு ஃபீடர்கள் வரிசையாகத் தொங்கும். தெற்கே வலசை போகும் செந்தொண்டை ஹம்மிங் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும் மாதம் அது. கேமராக்களும் கூடவே வந்துவிடுகின்றன.

நொடிக்கு ஏறத்தாழ 50 தடவை அடிக்கும் சிறகைப் படத்தில் அசையாமல் நிறுத்த வேண்டும். கைதேர்ந்தவர்கள் ஷட்டரை நம்புவதில்லை. ஃபீடரை நிழலில் தொங்கவிட்டு, சுற்றிலும் மூன்று நான்கு ஃபிளாஷ்களை 1/32 சக்திக்குக் குறைத்து வைக்கிறார்கள். சக்தி குறையக் குறைய ஃபிளாஷ் மின்னும் நேரமும் சுருங்கும். நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இராது. சிறகின் ஒவ்வோர் இறகும் தனித்தனியாகத் தெரியும். தொண்டைச் சிவப்பு நிறமியால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. அதனால் கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே ஒரு ஃபிளாஷ் அடிக்காவிட்டால் அந்தத் தொண்டை கறுத்துப்போகும்.

பறவை எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்தால்தான் ஃபோகஸ் வைக்க முடியும். ஃபீடரின் துளைகளில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை டேப் ஒட்டி அடைக்கிறார்கள். எனக்குப் பொறுக்காதது இதுதான். இந்தப் பறவைக்கு மூன்று கிராம்தான் எடை. மெக்சிகோ வளைகுடாவை நேராகக் கடப்பவை 800 கிலோமீட்டர் நிற்காமல் பறக்க வேண்டும். கிளம்புமுன் கொழுப்புச் சேர்த்து எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. அந்த நேரத்தில் துளைகளை அடைத்தால் என்ன ஆகும்? இவை இயல்பிலேயே சண்டைக்காரப் பறவைகள். இருப்பது ஒரே துளை என்றால், முரட்டுப் பறவை ஒன்று பக்கத்துக் கிளையில் உட்கார்ந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் விரட்டிவிடும். சேர்க்க வேண்டிய கொழுப்பு துரத்தலில் கரைகிறது. நாம் அதை 'அருமையான ஆக்‌ஷன்' என்று படம் பிடிக்கிறோம்.

தோட்டத்தில் பூவும் பூச்சியும் இருக்கின்றனவே, பட்டினியா கிடக்கும் என்று கேட்பவர்கள் உண்டு. பூ இருக்கிறதுதான். ஆனாலும் கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் காட்டி வரவழைத்தவர்கள் நாம்தானே?

படம் எடுக்கும் ஃபீடர் ஒன்று என்றால், ஒன்றுக்கொன்று கண்ணில் படாத மூலைகளில் இன்னும் இரண்டு, எல்லாத் துளைகளும் திறந்தபடி தொங்கட்டும். ஒரு பங்கு வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு பங்கு தண்ணீர் போதும். சிவப்புச் சாயமும் வேண்டாம், தேனும் வேண்டாம். டெக்சாஸ் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை கட்டும் என்பதால் இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது ஃபீடரைக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும். படம் முடிந்ததும் டேப்பை உரித்துவிடலாம். ஃபீடரைக் கழற்ற அவசரம் வேண்டாம். பிந்தி வரும் பறவைகள் அக்டோபரிலும் அந்த வழியாகத்தான் போகின்றன.