மேட்டுல ஏற மடக்கு இ-பைக்: கடையில கேட்க வேண்டிய விலை எது?

குன்னூர் மாதிரி ஊர்ல ஆபீஸ் போக மடக்கு இ-பைக் வாங்கப் போறீங்களா? விளம்பரத்துல சொல்ற கிலோமீட்டர் பெரும்பாலும் சமதளக் கணக்கு. நீங்க, வண்டி, பை எல்லாம் சேர்ந்து 100 கிலோன்னா, பெடல் மிதிக்காம 100 மீட்டர் உயரம் ஏற சுமார் 35-40 வாட்-அவர் போயிடும். 36 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரியில மொத்தமே 252தான். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் 300 மீட்டர் உயர வித்தியாசம்னா, ஒரே ஏற்றத்துல கிட்டத்தட்ட பாதி காலி!

பேட்டரி தேயும். அதனால கடையில முதல்ல மாத்து பேட்டரி விலையைக் கேளுங்க. அதை 36ஆல வகுத்து, மாச இ.எம்.ஐ.யோட கூட்டுங்க. (மூணு வருஷம்ங்கிறது என் ஆடிட்டர் புத்தி.) இப்போ ஆகிற பஸ், ஆட்டோ செலவை அது தாண்டினா, நான் வாங்க மாட்டேன்.

தாண்டலையா? மடக்கின வண்டியை ஒருதடவை தூக்கி, ரெண்டு மாடிப்படி ஏறிப் பாருங்க. அப்புறம் கார்டை எடுங்க.