போர்டு இல்லாத இடத்தில் ஏன் அபராதம்?



கல்வி உதவி, மருத்துவ உதவி கேட்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வருகிறவர்களோடு இப்போது வேறு சிலரும் வருகிறார்கள். கையில் செல்போன், அதில் ‘நோ பார்க்கிங்’ அபராதக் குறுஞ்செய்தி. “அங்கே போர்டே இல்லையே, இது என்ன பாய் அநியாயம்?” என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. சென்ற மாதம் வந்த ஒரு ஆட்டோ ஓட்டும் சகோதரருக்கு முதல் தடவை 500, அடுத்த தடவை 1500. மகளின் டியூஷன் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அதில் போனது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இதுதான் கட்டணம். அதற்கு முன் 100 ரூபாயோடு போய்விடும் என்பதால் நாமும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போர்டு இல்லாவிட்டால் நிறுத்தலாம் என்று நாம் நினைப்பதுதான் தவறு. நடைபாதை, பாதசாரிகள் கடக்கும் வரிக்கோடு, பேருந்து நிறுத்தம், சாலைச் சந்திப்பின் அருகு, பள்ளிக்கூடம் மற்றும் மருத்துவமனையின் வாசல், அடுத்தவர் வீட்டு கேட், நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசை ஆகிய இடங்களில் போர்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிறுத்தக் கூடாது. “ஒரு சக்கரம்தான் பிளாட்பாரத்தில் இருந்தது” என்பதும் செல்லாது.

போர்டு இருக்கும் இடத்தில் அதைச் சரியாகப் படிக்க வேண்டும். சிவப்பு விளிம்புள்ள நீல வட்டத்தின் குறுக்கே ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தால் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். பெருக்கல் குறி போல இரண்டு கோடுகள் இருந்தால் இறக்கிவிடக்கூட நிற்கக் கூடாது. கீழே சிறிய பலகை இருந்தால் அதில் நேரமோ தூரமோ எழுதியிருக்கும். சாலையோரக் கல்லில் அடித்திருக்கும் கறுப்பு வெள்ளைப் பட்டை இரவில் கண்ணுக்குத் தெரிவதற்காக மட்டுமே, அதை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓரத்தில் விடாமல் செல்லும் மஞ்சள் கோடு இருந்தால் நிறுத்தத் தடை.

வீட்டு வாசலில் நாமே மாட்டும் ‘நோ பார்க்கிங்’ தகரத்துக்குச் சட்ட மதிப்பு கிடையாது. கேட்டை மறிப்பதுதான் குற்றம். வாசலுக்கு இருபுறமும் சிமெண்ட் தொட்டி, உடைந்த ஆட்டுக்கல் வைத்து இடம் பிடிப்பவர்கள் நம் தெருக்களிலும் உண்டு. அது பொதுச் சாலை, நமது பட்டாவில் வராது.

தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 127ஆம் பிரிவு. தடையில்லாத பொது இடமானாலும் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்றுக் கிடந்தால் இதே நிலைதான். இழுத்த செலவு அபராதத்துக்கு மேல் தனி.

சாலையோரத்துக்கும் இப்போது விலை வந்துவிட்டது. 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கியபோது வண்டிகளுக்கு இடம் குறைந்தது. கட்டண நிறுத்தமும், தணிகாசலம் சாலையில் பல அடுக்கு நிறுத்தமும் வந்தன. பணம் வாங்குபவரிடம் ரசீது கேளுங்கள். ரசீது தராதவருக்குக் கொடுத்த பணம் அபராதத்திலிருந்து உங்களைக் காப்பாற்றாது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் ராயப்பேட்டை, மயிலாப்பூர்ப் பக்கம் போகிறவர்கள், போன மாதம் நிறுத்திய இடம்தானே என்று நம்பி இறங்க வேண்டாம்.

இனி நம் வெள்ளிக்கிழமைக்கு வருவோம். வாலாஜா பெரிய பள்ளிக்கு இருப்பதுபோல் முன்னால் பரந்த திடல் எல்லாப் பள்ளிகளுக்கும் இல்லை. நம் தெருவில் இரண்டு கார் எதிரெதிரே வந்தாலே சிரமம். போன ரமளானுக்கு முந்தைய ஒரு ஜும்ஆவின்போது, தெருக்கோடியில் குடியிருக்கும் ஒரு அம்மாவை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போக வந்த ஆட்டோ உள்ளே நுழைய முடியவில்லை. குத்பா நடந்துகொண்டிருந்தது. தொழுகை முடிந்து சலாம் கொடுத்த பிறகுதான் மைக்கில் வண்டி எண்களைச் சொல்ல முடிந்தது. வழியை அடைத்து நின்றவற்றில் ஒன்று நமது டிரஸ்ட்டின் ஆம்னி வேன். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனோம். மாற்று மதத்தைச் சேர்ந்த அந்த அம்மா எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார், ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எங்களுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

பாதையில் உட்காருவதைத் தவிர்க்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) தோழர்களை எச்சரித்ததையும், முடியாவிட்டால் பாதைக்குரிய உரிமையைக் கொடுக்கச் சொன்னதையும், பிறருக்குத் தொல்லை தராமல் இருப்பதை அந்த உரிமைகளில் ஒன்றாகச் சொன்னதையும் மத்ரஸாவில் ஓதியவர்கள்தான் நாங்கள். தொழுகைக்கு வந்தோம் என்பது வழியை அடைக்கக் காரணமாகாது. இப்போது வெள்ளிதோறும் நான்கு இளைஞர்கள் தெருமுனையில் நிற்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொல்வார்கள், பெரியவர்கள் அவர்களிடம் கோபப்பட வேண்டாம். நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் வண்டியை வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

அபராதம் வந்துவிட்டால் பதற வேண்டாம். பரிவாகன் இ-சலான் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இடம், நேரம், புகைப்படம் தெரியும். எண் தவறாகப் பதிவாகியிருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். கண்டுகொள்ளாமல் விட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும், பெயர் மாற்றத்துக்குப் போகும்போதும் முட்டுக்கட்டையாக நிற்கும். விற்ற ஸ்கூட்டரைப் பெயர் மாற்றாமல் விட்டவருக்கு, வாங்கியவர் செய்த தவறின் அபராதம் வந்த கதையும் நம் ஜமாஅத்திலேயே உண்டு. இன்னொரு ஆபத்து, வாட்ஸ்அப்பில் ‘சலான்’ என்று வரும் கோப்பு. அதைத் திறந்தால் வங்கிக் கணக்கு காலியாகலாம். அரசு இணையதள முகவரி ‘கவ் டாட் இன்’ என்றுதான் முடியும்.

செல்போனில் இதையெல்லாம் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கும் ஆட்டோ ஓட்டும் சகோதரர்களுக்கும் உதவ, இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை அலுவலகத்தில் இருவர் இருப்பார்கள். ஆர்.சி. நகலையும் குறுஞ்செய்தி வந்த செல்போனையும் கொண்டு வாருங்கள். ஆர்.சி.யில் பழைய செல்போன் எண் இருந்தால் அதையும் அன்றே மாற்றித் தருவார்கள்.