சிறு வண்டிக்கு மாற்றுச் சக்கரம் – பார்த்து வாங்குவது எப்படி?

நமது சங்க உறுப்பினர்களில் கார் அல்லது வேன் இல்லாதவர்கள் இன்று குறைவு. மொத்தக் கடையிலிருந்து சரக்கு ஏற்றி வருவதும் அதில்தான், குடும்பத்தோடு கோயிலுக்குப் போவதும் அதில்தான். மாருதி 800 தயாரிப்பு 2014-லும், ஆம்னி வேன் தயாரிப்பு 2019-லும் நின்றுவிட்டன. ஆனாலும் நம் கடைவீதிகளில் அவை இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இந்த வண்டிகளுக்கு ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்து வளைந்துவிட்டால், அல்லது ஸ்டெப்னி துருப்பிடித்து உதவாமல் போய்விட்டால், நம்மவர்கள் கேட்பது இரண்டே கேள்விதான். "பன்னிரண்டு இஞ்ச் வீல் இருக்கா? என்ன விலை?"

அரிசியை முகர்ந்து பார்த்து, துவரம்பருப்பைப் பல்லில் கடித்துப் பார்த்து வாங்குகிற நாம், நம் உயிரையும் சரக்கையும் தாங்குகிற சக்கரத்தை இந்த இரண்டு கேள்வியோடு வாங்கி வந்துவிடுகிறோம். அளவு ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அது சரியல்ல.

முதலில் பார்க்க வேண்டியது போல்ட் துளைகள். சிறு கார்களில் பெரும்பாலும் நான்கு துளைகள் இருக்கும். நான்குக்கு நான்கு சரியாக இருக்கிறதே என்று நினைக்கக் கூடாது. அந்த நான்கு துளைகளின் மையங்களும் ஒரு வட்டத்தில் அமைந்திருக்கின்றன. அந்த வட்டத்தின் குறுக்களவைத்தான் மெக்கானிக்குகள் பி.சி.டி. என்கிறார்கள். மாருதி 800, ஆம்னி ஆகியவற்றுக்கு இது 114.3 மி.மீ., அதாவது சரியாக நாலரை அங்குலம். ஸ்விஃப்டுக்கும் ஹூண்டாய் சான்ட்ரோவுக்கும் 100 மி.மீ. ஃபியட் பாலியோவுக்கு 98 மி.மீ.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடையில் இருக்கும் ஸ்கேல் போதும். ஒரு துளையின் வெளி விளிம்பில் ஸ்கேலை வைத்து, நேர் எதிரே உள்ள துளையின் உள் விளிம்பு வரை அளந்தால் அதுவே மையத்திலிருந்து மையம். 100-க்கும் 114-க்கும் உள்ள வித்தியாசம் அரை அங்குலத்துக்கும் மேல், மாட்டவே மாட்டாது. ஆபத்து 98-க்கும் 100-க்கும் இடையில்தான். இரண்டு மி.மீ. வித்தியாசத்தில் நட்டை வலுவாகத் திருகினால் சக்கரம் ஏறிவிடும். போல்ட்டுகள் சாய்ந்து நிற்கும், நட்டின் கூம்பு துளையில் ஒரு பக்கம் மட்டுமே அமரும். சில நூறு கிலோமீட்டரில் நட்டுகள் தளரத் தொடங்கும்.

மாட்டாத சக்கரத்தை மாட்ட வைக்கும் வித்தையும் நம் ஊர்களில் உண்டு. பக்கத்து ஊரில் எண்ணெய், வெல்லம் வியாபாரம் செய்யும் நம் சகோதர வணிகர் ஒருவர் 2021-ல் தம் ஆம்னிக்கு மலிவாக ஒரு பழைய டிஸ்க் வாங்கினார். துளை சேரவில்லை. வாங்கிய இடத்திலேயே, பழைய துளைகளுக்கு இடையில் லேத் பட்டறையில் நான்கு புதுத் துளை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆக அந்தத் தகட்டில் எட்டு துளைகள்! மூன்று மாதம் ஓடியது. ஒரு நாள் விடியற்காலையில், பத்து எண்ணெய் டின்னும் வெல்ல மூட்டைகளும் ஏற்றி வரும் வழியில், துளைக்கும் துளைக்கும் நடுவே தகடு கிழிந்து சக்கரம் தனியாகக் கழன்று ஓடியது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் எல்லாம் ரோட்டில். சக்கரத்தில் அவர் மிச்சம் பிடித்த தொகை இரண்டு டின் எண்ணெய்க்குக் கூடக் காணாது. துளை மாற்றிய டிஸ்க், வெல்டு வைத்த டிஸ்க் இரண்டையும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பதே நமது கருத்து.

துளையைப் போலவே நட்டும் முக்கியம். மாருதி வண்டிகளின் வீல் போல்ட் 12 மி.மீ. கனம், மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய்க்கும் கனம் அதே 12 மி.மீ. தான், ஆனால் மரை 1.5. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஒன்றை மற்றொன்றில் கையால் திருகினால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். அங்கே ஸ்பேனர் போட்டு அழுத்துகிற பையன்தான் போல்ட்டின் மரையைக் கெடுப்பவன். நட்டு எப்போதும் கையாலேயே கடைசி வரை ஓட வேண்டும், ஸ்பேனர் இறுக்குவதற்கு மட்டும்தான். அலாய் வீல் மாட்டுகிறவர்கள் அந்த வீலுக்கு உரிய நட்டையே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது, சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பது. இதற்கு ஆஃப்செட் என்று பெயர். அலாய் வீலின் பின்புறம் ஈ.டி. என்று போட்டு ஓர் எண் பதித்திருப்பார்கள். இரும்பு டிஸ்க்கில் எண் தெரியவில்லை என்றால், பழைய சக்கரத்தையும் புதியதையும் முகம் கீழே இருக்கும்படி தரையில் படுக்க வையுங்கள். விளிம்பின் மேல் ஒரு நேரான கட்டையை வைத்து, அங்கிருந்து ஹப்பில் அமரும் இடம் வரை ஆழத்தை அளந்து ஒப்பிடுங்கள். ரிம்மின் அகலமும் ஒன்றாக இருந்தால் ஆழமும் ஒன்றாக இருக்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பார்க்க அகலமாக, அழகாகத்தான் இருக்கும். ஆனால் சுமை முழுவதும் பேரிங்கை நெம்பும், லோடு ஏற்றினால் மட்கார்டில் டயர் உரசும்.

இனி டயர். அதன் பக்கவாட்டில் 145/80 ஆர் 12 74டி என்று இருந்தால், 145 என்பது மி.மீ. கணக்கில் அகலம், 80 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம், ஆர் என்பது ரேடியல், 12 என்பது ரிம்மின் அங்குல அளவு. 74 என்பதை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. அதுதான் பாரக் குறியீடு. 74 என்றால் ஒரு டயர் தாங்குவது 375 கிலோ. பின் டயர் இரண்டும் சேர்ந்து 750 கிலோ. இதில் வண்டியின் பின்பக்க எடையும் அடக்கம் என்பதை மறக்கக் கூடாது. அதைக் கழித்து மீதியில்தான் உங்கள் மூட்டைகள். ஆம்னிக்கு 145 ஆர் 12 எல்.டி. 6 பி.ஆர். என்று பாரம் தாங்கும் டயர் போட்டிருப்பதன் காரணம் இதுதான். அதே 12 அங்குலம்தானே என்று கார் டயரை வேனில் மாட்டி, அதன் மேல் மூட்டை அடுக்கினால் டயர் சூடேறி வெடிக்கும்.

ரிம்மை 13 அங்குலமாக்கினால் வண்டி உயரும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 145/80 ஆர் 12-ன் மொத்த உயரம் ஏறத்தாழ 537 மி.மீ. 155/65 ஆர் 13 போட்டால் 532, பெரிய வித்தியாசமில்லை. 155/80 ஆர் 13 போட்டால் 578. அதாவது நூற்றுக்கு ஏழரைக்கு மேல் அதிகம். மீட்டர் 65 காட்டும்போது வண்டி 70-ல் போகும், லோடோடு மேடு ஏறும்போது இழுவை குறையும்.

டயரின் வயதையும் பார்க்க வேண்டும். டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள் 2319 என்று இருந்தால், 2019-ஆம் ஆண்டு 23-வது வாரம் செய்தது. கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயருக்குப் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் செத்திருக்கும். பழைய மிளகாய் நிறம் மாறாமல் காரம் போவது போல. ஓடிய டயரானால் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. ஒரே அச்சில் இரு பக்கமும் ஒரே வகை டயர் இருப்பது அவசியம்.

பழைய சக்கரம் வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சென்னை புதுப்பேட்டையிலும் மற்ற ஊர்ப் பழைய சந்தைகளிலும் நல்ல கம்பெனி டிஸ்க் கிடைக்கத்தான் செய்கிறது. டயரைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள், தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். விளிம்பில் வளைவு, துளை முட்டை வடிவமாக இழுபட்டிருப்பது, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல், டயர் அமரும் இடத்தில் அரிக்கும் துரு, இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். அப்போதுதான் வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளக்கும் வீலை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். டியூப் இல்லாத டயர் போடுவதானால் அதற்கென்று உள் விளிம்பில் மேடு உள்ள ரிம் தேவை. பழைய வண்டிகளின் ரிம்களில் பல டியூப் டயருக்கானவை.

புது டயர் மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. பில் இல்லாமல் வாங்குவதில் முன்பு கிடைத்த மிச்சம் அந்த அளவுக்கு இப்போது இல்லை. பில் இருந்தால்தான் குறையுள்ள டயரை மாற்றிக் கேட்க முடியும்.

ஸ்டெப்னி என்ற பெயர் வந்த கதை சுவையானது. 1904-ல் வேல்ஸ் நாட்டு லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு பட்டறையில்தான் முதன்முதல் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருப் பெயரே இங்கு நிலைத்துவிட்டது. டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் பெட்டி மூன்றும் உள்ள புதிய கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதி திருத்தப்பட்டது. நம் பழைய வேன்களில் அந்த மூன்றும் ஏது? நமக்கு ஸ்டெப்னி வேண்டும், அதுவும் ஓடும் சக்கரங்களின் அதே அளவில், அதே பாரக் குறியீட்டில்.

எந்தச் சக்கரம் மாட்டினாலும் நட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் ஒரு முறை நிறுத்தி மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியில் காற்று தானாகவே இறங்கும். அமாவாசைக்கு அமாவாசை கடைக்குப் பூசணிக்காய் சுற்றும் அன்று, பையனிடம் சொல்லி அதற்கும் காற்று பார்த்துவிடலாம்.