மோட்டார் வண்டியின் பின்புறத்துச் சாய்வு தடுக்கும் கம்பி

ஸ்ரீரங்கத்துச் சித்திரைத் தேர் வீதி மூலையிலே திரும்பும் காட்சியைக் கண்டோர், உயர்ந்த பொருளொன்று திசை மாறும்பொழுது எத்துணை எச்சரிக்கை வேண்டுமென்பதை நன்கறிவர். வடம் பிடிப்போர் பல நூற்றுவராயினும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டையிடுவோர் சிலரே அதன் போக்கை ஆளுகின்றனர். தேரினும் பன்மடங்கு விரைந்து செல்லும் மோட்டார் வண்டிக்கு அத்தகையோர் துணையில்லை. ஆயினும் அதன் அடியில், நம் கண்ணுக்குப் புலப்படாதவாறு, வளைந்த எஃகுக் கம்பியொன்று அவ்வேலையில் ஒரு சிறு பங்கைச் செய்துவருகின்றது. பட்டறைகளில் இதனை ஸ்டெபிலைசர் பார் என்பர். நாம் இதனைச் சாய்வு தடுக்கும் கம்பி எனக் கூறுவோம்.

தில்லை நகர்ப் பிரதான சாலையிலும் அதன் குறுக்குத் தெருக்களிலும் இக்காலத்தே நிற்கும் வண்டிகளுள் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இழுக்கப்படும் சிறு வண்டிகளே. அவற்றுட் பலவற்றிற்கு முன்புறத்தே இக்கம்பி உண்டு. பின்புறத்தே தனியாக இல்லை. இக்குறையை நிரப்ப விரும்பும் இளைஞர், பின்புறத்திற்குத் தடித்த கம்பியொன்றை வாங்கிப் பூட்டுவித்து, வண்டி தண்டவாளத்தின் மேல் ஓடுவதுபோல் வளைவுகளில் ஓடுகின்றதென மகிழ்கின்றனர். அம்மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் அதற்கு அவர் கூறும் காரணம் பெரும்பாலும் பொய்யாகும். பின்புறம் முன்னினும் உறுதியாக நிலத்தைப் பற்றுகின்றது என்பர். உண்மையில் நிகழ்வதோ அதற்கு நேர்மாறானது.

முதற்கண் கம்பியின் அமைப்பைக் காண்போம். அது பகர வடிவாய் வளைந்தது. அதன் நடுப்பகுதி ரப்பர் புஷ்களின் வழியாக வண்டியின் உடலோடு இணைந்திருக்கும்; இரு முனைகளும் இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் தாங்கும் உறுப்புகளோடு சிறு லிங்க் கம்பிகளால் தொடுக்கப்பட்டிருக்கும். இரு சக்கரங்களும் ஒருங்கே ஏறி இறங்குமாயின் கம்பி வெறுமே சுழலும். அப்பொழுது அதற்கு வேலையில்லை. வளைவிலே வண்டி வெளிப்புறமாகச் சாய, ஒரு சக்கரம் உடலை நோக்கி ஏற, மற்றொன்று இறங்கும். அவ்வேளையிற்றான் கம்பி முறுக்குண்டு, அம்முறுக்கை எதிர்த்துச் சாய்வைக் குறைக்கின்றது. கனடா தேசத்து நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தினரான ஸ்டீபன் கோல்மன் என்பார் 1919-ம் ஆண்டிலேயே இத்தகைய அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார்.

இனிச் சிறு கணக்கொன்று. 1,000 கிலோ எடையுள்ள வண்டி, 100 மீட்டர் ஆரமுள்ள வளைவிலே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதனை வெளிப்புறமாகத் தள்ளும் விசை அதன் எடையில் ஏறத்தாழப் பாதியாகும். எடையின் மையம் நிலத்திலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்திலும், இடவலச் சக்கரங்களின் இடைவெளி 140 சென்டிமீட்டராகவும் இருப்பின், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறும் பாரம் ஏறத்தாழ 180 கிலோ. இத்தொகையைத் தீர்மானிப்பவை எடை, வேகம், வளைவு, உயரம், அகலம் என்பனவே, கம்பி அன்று. எத்துணைத் தடித்த கம்பியைப் பூட்டினும் இந்த 180 கிலோ மாறியே தீரும். அதில் எத்துணைப் பங்கை முன்னச்சுத் தாங்குவது, எத்துணைப் பங்கைப் பின்னச்சுத் தாங்குவது என்பதையே கம்பி பிரித்துக்கொடுக்கின்றது. எந்த அச்சு சாய்வை மிகுதியாக எதிர்க்கின்றதோ, அந்த அச்சே அப்பாரமாற்றத்தின் பெரும்பங்கை ஏற்கும்.

ஏற்பதனால் வரும் கேடு யாதெனில், டயரின் இயல்பே. டயரின் மேல் பாரம் இருமடங்கானால் அதன் பிடிப்பு இருமடங்காவதில்லை. சற்றுக் குறைந்தே பெருகும். காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்குவோர் இருவர் ஆளுக்கு இரண்டு மூட்டையாகச் சுமந்தால் நான்கும் ஒழுங்காய்ச் சென்று சேரும். ஒருவர் முதுகில் மூன்றும் மற்றவர் முதுகில் ஒன்றுமாக ஏற்றினாலோ, முன்னவர் தள்ளாடுவார்; பின்னவரின் மிஞ்சிய வலிமை பயன்படாது கழியும். மூட்டை நான்கேயெனினும் வேலை குன்றும். அவ்வாறே ஓர் அச்சின் இரு டயர்களுக்கிடையே பாரம் ஏற்றத்தாழ்வாக ஆக, அவ்வச்சின் மொத்தப் பிடிப்புக் குறைகின்றது.

ஆகவே பின்புறக் கம்பியைத் தடித்ததாக்குவோர் பின்னச்சின் பிடிப்பைக் குறைத்து, முன்னச்சின் பிடிப்பைக் கூட்டுகின்றனர் என்பது தேற்றம். முன்சக்கர இழுவை வண்டிகளில் யந்திரத்தின் பாரமும், இழுக்கும் வேலையும், திருப்பும் வேலையும் முன்டயர்களின் மேலேயே விழுதலின், வேகமாய் வளைந்தால் முன்புறமே முதலில் வழுக்கி, ஸ்டீரிங்கைத் திருப்பிய அளவிற்கு வண்டி திரும்பாது. பின்னதன் பிடிப்பிற் சிறிதெடுத்து முன்னதற்கு ஈந்தால், ஸ்டீரிங்கின் சொற்படி வண்டி திரும்புகின்றது. இளைஞர் உணரும் இன்பத்தின் காரணம் இதுவே. முன்புறக் கம்பியைத் தடித்ததாக்கியும் சாய்வைக் குறைக்கலாமே எனின், அதனால் முன்புறம் இன்னும் வழுக்குவதோடு, இழுக்கும் உட்சக்கரமும் பாரமிழந்து வீணே சுழலும்.

தொழிற்சாலையார் இதனை அறியாதவரோ? நன்கறிந்தே விட்டுவைத்தனர். முன்புறம் வழுக்கும்பொழுது, பயிற்சியில்லாதவரும் இயல்பாகவே ஆக்ஸிலேட்டரினின்று காலை எடுப்பர்; வேகம் தணிந்து வண்டி மீளும். பின்புறம் வழுக்குமாயின், காலை எடுத்த அளவிலே பாரம் முன்னோக்கிச் சாய, பின்டயர்கள் இன்னும் இலேசாகி, வண்டி தன்னைத்தானே சுற்றிவிடும். அதனை மீட்க விரைந்த கையும் பழக்கமும் வேண்டும். குடும்பத்தோடு இரவில் சென்னையினின்று திரும்புவோர் எத்துணைப் பேருக்கு அப்பழக்கம் உண்டு?

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் 1960-ம் ஆண்டு வண்டியாக வெளியிட்ட கார்வேர், பின்புறத்தே யந்திரம் உடையது. அதன் பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சுகளில் அமைந்தவை. அவ்வண்டிக்கு முன்புறக் கம்பி இன்றியமையாததாயிருந்தும் தொடக்கத்தில் அது சேர்க்கப்படவில்லை. 1964-ம் ஆண்டு வண்டியிலேயே அனைத்திற்கும் சேர்க்கப்பட்டது. ரால்ப் நேடர் 1965-ல் வெளியிட்ட நூலின் முதல் அத்தியாயம் இவ்வண்டியைப் பற்றியதேயாம். நம் மாகாணத்திலும் இவ்வினத்து வண்டியொன்று இருந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ஊசலாடும் பின்னச்சையே உடையது. அதன் உறவான இங்கிலாந்து ஸ்பிட்ஃபயர் வண்டியை 1970-ல் திருத்தியவர்கள், பின்புறப் பட்டை வில் சாய்வை எதிர்ப்பதைக் குறைத்து, முன்புறக் கம்பியைத் தடித்ததாக்கினர். பின்புறம் வழுக்கும் வண்டிக்கு அவர்கள் தேடிய மருந்து முன்புறத்தே இருந்ததென்பது இதனாற் புலனாகும்.

கம்பியின் தடிமனைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். முறுக்கை எதிர்க்கும் வலிமை விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. 16 மில்லிமீட்டர்க் கம்பிக்குப் பதிலாக 18 மில்லிமீட்டர்க் கம்பியைப் பூட்டினால் கண்ணுக்கு வேற்றுமை சிறிதே, வலிமையோ 1.6 மடங்காகும். 20 மில்லிமீட்டராயின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கடைக்காரர் "இரண்டே மில்லிமீட்டர்தான் சார், கூட இருக்கட்டும்" என்று சொல்லும்பொழுது இக்கணக்கை நினைவுகூர்தல் நலம். பல சிறு வண்டிகளின் பின்புறத்தே இரு சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குத் தூலமே முறுக்குண்டு ஓரளவு கம்பியின் வேலையைச் செய்கின்றதாதலின், அவற்றிற் புதிதாய்ச் சேர்ப்பது ஏற்கெனவே உள்ளதன் மேற் கூடுதலேயாகும்.

கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே களத்திலே, பொறியியற் கல்லூரி மாணவர் தாமே செய்த வண்டிகளைக் கொணர்ந்து போட்டியிடும் ஃபார்முலா பாரத் நடைபெற்று வருகின்றது. அத்தகைய போட்டிகளில், எட்டு என்னும் எண் வடிவாய் அமைந்த, உள்விட்டம் 15.25 மீட்டருள்ள இரு வட்டங்களைச் சுற்றிவரும் சோதனை ஒன்றுண்டு. கம்பியின் கைநீளத்தை ஒரு துளை மாற்றி, மீண்டும் சுற்றி, முன் வழுக்குகின்றதா பின் வழுக்குகின்றதா என அளந்தறிவதற்கு இதனினும் நல்ல பள்ளிக்கூடம் இல்லையென்பது நம் கருத்து. பந்தயக் களத்திலே பின் உட்சக்கரம் நிலத்தைவிட்டு எழும்பும்வரை கம்பியை இறுக்குவாரும் உளர். அங்கே எதிரே லாரி வாராது.

நம் ஊர்ச் சாலைகளின் நிலை வேறு. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டி மூடிய பள்ளமொன்றில் ஒரு பின்சக்கரம் இறங்கினால், கம்பி அவ்வதிர்ச்சியை மறு சக்கரத்திற்கும் கொண்டுசெல்லும். உள்ளிருப்போர் தலை இடவலமாய் ஆடும். ஐப்பசி கார்த்திகை மழையிலே, வறண்ட நிலத்தில் நன்மையாய் இருந்த அதே பங்கீடு, பின்புறத்தை முதலில் வழுக்கச் செய்யும். தெருவினுள் மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் ஓட்டுவோருக்கோ இக்கம்பியால் ஆவது ஏதுமில்லை.

ஆதலின் கம்பிக்குப் பணம் ஒதுக்குமுன் டயர்களைப் பார்க்க வேண்டும். தேய்ந்த டயரை மாற்றி, நான்கிலும் காற்றழுத்தம் சரிபார்த்து, ஷாக் அப்சார்பரும் புஷ்களும் லிங்க் கம்பிகளும் நலமாயுள்ளனவா என நோக்கி, சக்கர ஒழுங்கைச் சீர்செய்த பின்னும் முன்புறம் வழுக்குவது உண்மையெனில், கிடைப்பவற்றுள் மெலிந்த கம்பியைத் தெரிந்துகொள்க. தேய்ந்த டயர்களைப் பின்புறத்தே தள்ளி வைக்கும் வழக்கத்தை அதன் பின் அறவே ஒழித்தல் வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துமூலம் அறிவித்து வைப்பதும் தக்கது. பூட்டிய பின், ஆளில்லாத பரந்த வெளியிலே, முதலில் உலர்ந்த தரையிலும் பிறகு நனைந்த தரையிலும், வளைவின் நடுவே காலை எடுத்தால் பின்புறம் யாது செய்கின்றதென மெல்லிய வேகத்தில் தொடங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டிலே அவ்வண்டியை ஓட்டும் தமக்கையார்க்கும் தந்தையார்க்கும் அம்மாறுதலைச் சொல்லிவைப்பதோடு, வண்டியை விற்கும் நாளில் வாங்குவோர்க்கும் சொல்ல வேண்டும். அடியிற் குனிந்து பார்த்தாலன்றி அவர் அதனை அறிய வேறு வழியில்லை.